ரெம்பியாவிலிருந்து நான் நடத்திய கல்யாணம்

தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் ஓர் அழைப்பு அட்டை. இது சின்ன விஷயம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாருடைய பெயரும் எந்த அட்டையிலும் விட்டுப்போகவில்லை. அதனால் அவர்களுக்கு அது சின்ன விஷயம்தான்.

அட்டை பார்க்க நன்றாகவே இருந்தது. கெட்டியான சிவப்புத் தாள், மேலே தங்க நிறத்தில் பிள்ளையார், திறந்தால் இடப் பக்கம் தமிழ், வலப் பக்கம் ஆங்கிலம். தமிழ்ப் பக்கத்தில் இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிகள் இருந்தார்கள், காலமானவர்கள் உட்பட. பெரியப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், அத்தையும் அத்தை வீட்டுக்காரரும் இருந்தார்கள். தாய்மாமன் என்று ஒரு வரி இல்லை. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு ஒரே அண்ணன். அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வலி தாங்காமல் அவள் என் கையைக் கடித்த கடியில் நானும் சேர்ந்து கத்தினேன் என்று தங்கை இன்றைக்கும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அட்டையைக் கொண்டுவந்தவர் தங்கையின் கணவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். புக்கிட் காத்திலில் வீடு. ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எதற்கும் பதறாத மனிதர். எனக்கு அவரிடம் பிடிக்காதது அதுதான்.

"இங்கிலீஷ் பக்கத்துல இருக்கு பாருங்க மச்சான்," என்று விரலை வைத்துக் காட்டினார். "மெட்டர்னல் அங்கிள். அழகா போட்டிருக்கு."

"தமிழ்ல எங்க?"

"எடம் பத்தலன்னு பிரிண்டிங் கடைக்காரரு சொல்லிட்டாரு லா. என்னா செய்யறது."

"செத்துப்போனவங்களுக்கெல்லாம் எடம் இருந்திச்சி. உசுரோட இருக்கறவனுக்கு இல்லையா?"

"கோவப்படாதீங்க மச்சான். அடுத்த தடவ போட்டுடலாம்."

"அடுத்த தடவயா? ஒரு பொண்ணுக்கு எத்தன கல்யாணம் பண்ணப் போறீங்க?"

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "நீங்க வருவீங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொன்னதால்தான் போகக் கூடாது என்று தீர்மானித்தேன். அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவைவிட்டு வெளியேறினேன். நாற்பது பேர் உள்ள குழு. நான் வெளியேறியதற்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை என்று என் மனைவி சொன்னாள். ஒருவர் மட்டும் கட்டை விரலைக் காட்டியிருந்தாராம்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அலோர் காஜாவில் ஒரு மண்டபத்தில். எங்கள் வீடு ரெம்பியாவில் ஒரு தாமான் குடியிருப்பில். மோட்டார் சைக்கிளில் போனால் பதினைந்து நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடம் பிறகு முக்கியமாகும் என்பதால் சொல்கிறேன்.

மனைவி காலையிலேயே பட்டுச் சேலை கட்டித் தயாராகிவிட்டாள். நான் சாரோங்கும் பனியனுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க வரலன்னா நான் வீட்டுல ஒக்காந்துகிட்டு அழுவேன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

"போ. ஒன்ன யாரு புடிச்சி வச்சிருக்கா?"

"காடிய நான் எடுத்துகிட்டுப் போறேன். வேட்டி சட்டைய அயர்ன் போட்டு ரூம் கதவுல மாட்டியிருக்கேன்."

"எதுக்கு?"

"கதவு வெறுமையா இருந்திச்சி, பாக்க நல்லால்ல."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின் இருக்கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்ததை நான் கவனித்தேன். என்னவென்று கேட்கவில்லை. கேட்டால் அக்கறை என்று எடுத்துக்கொள்வாள்.

வீட்டில் நானும் டிவியும் மிஞ்சினோம். இந்த டிவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் பெர்த்தில் நர்ஸ். போன தீபாவளிக்கு வந்தபோது வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். எங்கள் ஹாலுக்கு அது பெரிது. ஓரத்தில் நடப்பதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். போகும்போது என் கைப்பேசியையும் அதோடு இணைத்துவிட்டாள். "ரிமோட் எழுத்து ஒங்க வெரலுக்குச் சின்னதுப்பா. போன்லயே எழுதுங்க. என்னா வேணுமோ இந்தப் பெட்டியில எழுதினா டிவி செய்யும்," என்றாள். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம், நான் இல்லை.

போகவில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். பார்க்கவில்லை என்று முடிவு செய்யவில்லை. கல்யாணத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். குழுவில் அதற்கான இணைப்பை அனுப்பியிருந்தார்களாம். நான்தான் குழுவில் இல்லையே. மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டால் அவள் அடுத்த பத்து வருடத்துக்கு அதைச் சொல்லிக் காட்டுவாள். நானே தேடிக்கொள்வது என்று உட்கார்ந்தேன்.

முதலில் கல்யாணம் என்று எழுதினேன். கல்யாண வீட்டுப் பிரியாணி எப்படிச் செய்வது என்று ஒரு அம்மா அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நேரலை என்று சேர்த்தேன். யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாட்டில் குளத்தங்கரையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணி நேரமாக நேரலையில் இருக்கிறாராம். மீன் எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு நிமிடம் பார்த்தேன். தூண்டில் அசைவது போலிருந்தது. அசையவில்லை. அலோர் காஜா என்று எழுதினேன். ஊரின் பெயரில் இருக்கும் காஜாவுக்கு மலாய் மொழியில் யானை என்று பொருள் என்பதை அந்த டிவி எனக்கு நினைவூட்ட நினைத்தது போலும். வரிசையாக யானைகள் குளித்தன. அதற்குக் கீழே ஒரு பந்து விளையாட்டு, ஒரு மலாய்ச் சமையல் போட்டி, ஒரு பெண் ஒன்றுமே பேசாமல் மேசையைத் துடைப்பது. உலகத்தில் நடக்கிற எல்லாவற்றையும் காட்டினார்கள், பத்து மைலுக்குள் நடக்கிற என் தங்கை மகள் கல்யாணத்தைத் தவிர.

கடைசியில் ஒரு கல்யாணம் கிடைத்தது. மலேசியாதான். மணவறை, நாதஸ்வரம், பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். மணவறை அலங்காரம் நன்றாக இருந்தது. மச்சானுக்கு இவ்வளவு ரசனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்து நிமிடம் போன பிறகுதான் கூட்டத்தில் என் மனைவியைக் காணவில்லை என்பது உறைத்தது. தங்கையையும் காணோம், மச்சானையும் காணோம். பெண் தலையை நிமிர்த்தினாள். யாரோ. இப்போதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகத்தைத்தான் பூசிவிடுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை அத்தனை நேரம் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது. அதன் பின்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகளாலான ஒரு சதுரம் இருந்தது. கைப்பேசியைக் காட்டினால் நேரலைக்குப் போகலாம் என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோபத்தில் கேட்கவில்லை. அட்டையைப் பழைய செய்தித்தாள் கட்டின் அடியில் செருகி வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்தேன். என் பெயரை விட்டுவிட்ட அட்டையை நானே கையில் பிடித்து, அதற்கு முன்னால் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

டிவியில் கல்யாணம் வந்தது. இந்த முறை சரியான கல்யாணம். மாப்பிள்ளை உட்கார்ந்து ஐயர் சொல்லும் மந்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மச்சான், பக்கத்தில் தங்கை. தங்கை இளைத்திருந்தாள். முன்வரிசையில் என் மனைவி யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் இல்லாத வருத்தம் முகத்தில் துளி கூட இல்லை.

கேமராவுக்கு முன்னால் பெரிய பூச்சாடி ஒன்று பாதிப் படத்தை மறைத்தது. தங்கையின் ஒரு கண்தான் தெரிந்தது. கைப்பேசியைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஏதாவது சொல்லுங்கள் என்று ஒரு பெட்டி திறந்திருந்தது. யார் யாரோ அனுப்பிய வாழ்த்துகள் அதற்கு மேலே ஓடின. தமிழ்ச் சேனலில் அந்தக் காலத்தில் பிறந்தநாள் வாழ்த்து ஓடுமே, அது மாதிரி என்று விட்டுவிட்டேன். பெட்டியில் எழுதினால் டிவி செய்யும் என்று மகள் சொல்லியிருந்தாள். எழுதினேன்.

'தம்பி, பூச்சாடி மறைக்குது. கொஞ்சம் இடது பக்கம் நகரு.'

அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேமரா நகர்ந்தது. இடது பக்கம். பூச்சாடி போய், தங்கையின் இரண்டு கண்ணும் தெரிந்தன.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருடம் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன் நான். என் பேச்சை மேனேஜர் கேட்டதில்லை, வீட்டில் மனைவி கேட்டதில்லை, பெற்ற மகள் கேட்டதில்லை. இந்த டிவி கேட்டது. மண்டபத்தில் யாரோ ஒருவன் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துக் கேமராக்காரனிடம் சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன். அது சரிதான். அவன் ஒருவன் மட்டும்தான் படிக்கிறான் என்றும் புரிந்துகொண்டேன். அதுதான் தப்பு.

'சத்தம் பத்தல' என்று எழுதினேன். நாதஸ்வரம் உரக்கக் கேட்டது.

'இப்ப ஜாஸ்தி.' குறைந்தது.

'மேடையில வேல இல்லாத ஆளுங்க நெறைய. எறங்கச் சொல்லு.' கொஞ்ச நேரத்தில் மேடையிலிருந்த நான்கு பேர் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலை குனிந்தபடி இறங்கிப் போனார்கள். நல்ல நிர்வாகம் என்று நினைத்தேன்.

'ஐயர் போன பாக்குறாரு.' ஐயர் போனை இடுப்பில் செருகினார்.

'பொண்ணோட அப்பா வேட்டி எறங்குது. ஏத்திக் கட்டச் சொல்லு. அப்பறம் கல்யாணம் வேற மாதிரி ஆயிடும்.'

இதற்குப் பலன் உடனே தெரிந்தது. மச்சான் ஒரு பக்கமாகப் பார்த்தார், பிறகு தன் இடுப்பைப் பார்த்தார், பிறகு திரும்பி நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார். முன்வரிசை முழுவதும் சிரித்தது. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேட்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மூன்று வாரத்தில் அன்றுதான் முதல் முறை சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பெண்ணைக் கூட்டிவந்தார்கள். கூறைச் சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்து ஆசீர்வாதம் செய்யும் சடங்கு தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அதற்குப் பிறகுதான் தாய்மாமன் வேலை. பெண் போய்க் கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு வருவாள். மண்டப வாசலில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அந்த மாலைக்கான தட்டு மேடை ஓரத்தில் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சை ஜிப்பா போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மச்சானோடு வேலை செய்பவர். அவரைப் போன வருடம் ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பார்த்திருக்கிறேன். நல்ல உயரம். படத்தில் நன்றாக விழும் ஆள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

'அந்தப் பச்ச ஜிப்பா யாரு?' என்று எழுதினேன். 'மால தட்டுகிட்ட அவருக்கு என்னா வேல?'

ஒன்றும் நடக்கவில்லை. கேமரா நகரவில்லை. இன்னொன்று எழுதினேன். நீளமாக எழுதத் தொடங்கி, அட்டை, தமிழ்ப் பக்கம், பிரிண்டிங் கடை எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் மூன்று சொல்தான் அனுப்பினேன்.

'அது என் எடம்.'

அரை நிமிடம் கழித்து மண்டபத்தில் சத்தம் அடங்கியது. நாதஸ்வரம் கூட நின்றது. மேடையில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், ஐயர், மாப்பிள்ளை, எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை ஜிப்பாக்காரர் தட்டிலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் போனார். தங்கை முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

கூறைச் சேலைத் தட்டோடு நின்ற பெண், அறிவிப்பாளரிடம் கையை நீட்டி மைக்கை வாங்கினாள். கேமராவைப் பார்த்தாள். என் ஹாலில் அவள் முகம் என் உயரத்துக்கு வந்தது.

"மாமா," என்றாள். "ரெம்பியாவுல ஒக்காந்துகிட்டு இன்னும் எவ்ளோ நேரம் கல்யாணம் நடத்துவீங்க? வெளியூர் சொந்தக்காரவங்க அனுப்பற வாழ்த்தெல்லாம் இங்க பெரிய ஸ்கிரீன்ல ஓடுது மாமா. ஒங்களுதும் ஓடுது. ஐசி கார்டுல உள்ள மாதிரி, தாத்தா பேரோட. மண்டபமே படிச்சிடுச்சி."

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"நான் சேல மாத்திட்டு வர இருவது நிமிஷம் ஆவும். அங்கேருந்து இங்க பதினஞ்சு நிமிஷம். மால அத்தைகிட்ட இருக்கு. வந்தா வாங்க. வரலன்னா நான் பச்ச ஜிப்பா அங்கிளோட நடந்து வந்துடுவேன். அவரும் நல்ல மனுஷன்தான்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கேமரா, நான் ஒன்றும் எழுதாமலேயே, தானாகத் திரும்பிச் சுவரைக் காட்டியது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் வரிசையாக என் முழுப் பெயர், அதற்கு எதிரே நான் எழுதியவை. பூச்சாடி, சத்தம், ஐயர் போன், மச்சான் வேட்டி. மகள் டிவிக்கு என் பேரில் கணக்கைத் திறந்தபோது அடையாள அட்டையைப் பார்த்து என் அப்பா பெயரையும் சேர்த்து அப்படியே பதிந்திருக்கிறாள். அட்டையில் ஒரு முறை வரவில்லை என்று நான் சண்டை போட்ட பெயர் அந்தச் சுவரில் ஒன்பது முறை இருந்தது. கடைசி வரியில் அது என் எடம் என்று இருந்தது.

நான் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. ரூம் கதவுக்குப் போனேன். சட்டையை மாட்டினேன், வேட்டியைக் கட்டினேன், தலைக்கவசத்தைப் போட்டேன். இங்கே மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிக் கையை நுழைத்துக்கொள்வோம். அதையும் போட்டுக்கொண்டேன். வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். டிவியை அணைக்கவில்லை.

வழியில் ஒரு செம்பனைக் குலை லோரி எனக்கு முன்னால் ஊர்ந்தது. முப்பது வருடம் என் பின்னால் ஹார்ன் அடித்தவர்களை எல்லாம் நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் அடித்தேன். ஓட்டுநர் கையை வெளியே நீட்டி என்ன அவசரம் என்று கேட்டார். கல்யாணம் என்று கத்தினேன். என் வயதையும் வேட்டியையும் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்பது போல் பார்த்தார். அலோர் காஜாவுக்குள் நுழையும்போது சமிக்ஞை விளக்கு சிவப்பு. அந்த விளக்கு அவ்வளவு நேரம் சிவப்பாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

மண்டப வாசலில் செருப்புகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினேன். உள்ளே கால் வைத்ததும் அறிவிப்பாளர் மைக்கில், "டைரக்டர் வந்துட்டாரு," என்றார். ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். நான் தலைக்கவசத்தோடு, முன்பின்னாகப் போட்ட ஜாக்கெட்டோடு, தொடை தெரிய நின்றேன். மனைவி ஓடிவந்து வேட்டியை இழுத்து இறக்கிவிட்டு, தலைக்கவசத்தையும் ஜாக்கெட்டையும் கழற்ற வைத்தாள்.

"கதவு வெறுமையா ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

காரில் இருந்த அட்டைப் பெட்டி அவள் கையில் இருந்தது. திறந்தாள். மாலை. ரோஜாவும் மல்லிகையும், நடுவில் மரிக்கொழுந்து. நான் சொல்லியிருந்தால் எப்படிக் கட்டச் சொல்லியிருப்பேனோ அப்படியே இருந்தது. எப்போது சொல்லி வைத்தாய் என்று கேட்டேன். "அட்ட வந்த மறுநாளே," என்றாள்.

பச்சை ஜிப்பாக்காரர் தட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "நான் தட்டப் பாத்துகிட்டு மட்டுந்தாண்ணே நின்னேன். எடத்த எடுக்கல," என்றார். கை கொடுத்தேன். நல்ல மனிதர்தான். அந்த ஜிப்பா நிறம் மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். அட்டையைப் பற்றிப் பேசுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"காலையில சாப்டியா அண்ணே?" என்றாள்.

"இல்ல."

"தெரியும். பசியில எழுதின மாதிரிதான் இருந்திச்சி."

பெண் கூறைச் சேலையில் வாசலுக்கு வந்தாள். இருபது நிமிடம் என்றவள் முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். சேலை கட்டி முடித்துவிட்டு உள்ளே கதவோரம் நின்று, மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாளாம். அவளுக்கு மாலையைப் போட்டேன். மல்லிகைச் சரம் காதணியில் சிக்கியது. அதே காது. மெதுவாக எடுத்துவிட்டேன். இந்த முறை கடிக்கவில்லை.

"மெதுவா நடங்க மாமா," என்றாள் வாயை அசைக்காமல். "லோரி மாதிரி போவாதீங்க."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மேடையேறி மணவறைக்கு முன்னால் நின்றபோது கீழே கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, பொண்ணு மறையுது. கொஞ்சம் இடது பக்கம் நகருங்க."

"ஒன் இடதா, என் இடதா?" என்று கேட்டேன்.

அதற்கு ஏன் அவ்வளவு சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நியாயமான கேள்வி. நகர்ந்தேன். நகரும்போது எதிர்ச் சுவரில் இருந்த திரை கண்ணில் பட்டது. என்னுடைய ஒன்பது வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. பெர்த்திலிருந்து மகள்.

'அப்பா, சட்ட பட்டன் ஒன்னு மாத்திப் போட்டிருக்கீங்க.'

மச்சான் வந்து என் காதோரம், "என் வேட்டிய சொன்னீங்கல்ல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அட்டைக்கு மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானும் எழுதியவற்றுக்குக் கேட்கவில்லை. தாலி கட்டும்போது இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அரிசி போட்டோம். அட்டை விஷயத்தில் நான் சொன்னது சரி என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை.

அந்த நேரலையை அழிக்கச் சொல்லி மகளிடம் கேட்டேன். அது கல்யாண வீட்டார் கையில் இருக்கிறதாம். புக்கிட் காத்தில் வீட்டில் விருந்தாளி வரும்போதெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். ரெம்பியா காலைச் சந்தையில் மீன் வாங்க நின்றால் யாராவது ஒருவர், "தம்பி, கொஞ்சம் இடது பக்கம்," என்கிறார். நானும் நகர்கிறேன். பழகிவிட்டது. குடும்பக் குழுவில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். இப்போதும் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அதே ஒருவர் மட்டும் கட்டை விரலைக் காட்டினார். அது யார் என்று இந்த முறை பார்த்தேன். பச்சை ஜிப்பாக்காரர். அவரை யார் எங்கள் குடும்பக் குழுவில் சேர்த்தார்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்தோம். மனைவி காரில், நான் பின்னால் மோட்டார் சைக்கிளில். கதவைத் திறந்தால் உள்ளே நாதஸ்வரச் சத்தம். நான் போட்டது போட்டபடியே டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கல்யாணம் முடிந்ததும் அது தானாக வேறு யாரோ ஒருவர் கல்யாணத்தைத் தேடிப் போட்டிருக்கிறது. மனைவி வளையலைக் கழற்றிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றாள்.

"தெரியல." கொஞ்ச நேரம் பார்த்தேன். "மேடையில கூட்டம் ஜாஸ்தி."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"போன இப்படிக் குடுங்க," என்றாள்.